நாலு கதவுக்கு ஒரு வார்த்தை

முட்டி தேய்ந்துவிட்டது, இனிச் சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது என்று கிளினிக்கில் கையை விரித்துவிட்டார்கள். வேலை இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் நின்றேன்.

"இங்கிலீஷ்ல சொல்லணும்மா. முடியுமா?"

"ஏன் முடியாது துரை? நானும் ஃபாரம் த்ரீ படிச்சவதான்."

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் வந்தது, ஃபெர்மென்டேஷன் மட்டும் வரவில்லை. உருட்டிய இலை காற்றுப் பட்டுப் பழுப்பாகிறதே, அதற்குத்தான் இத்தனை நீளப் பெயர். நான் முதல் எழுத்திலேயே முழு பலத்தையும் போட்டுவிட்டு மூச்சு வாங்குவேன். துரை சிரிக்காமல் ஒரு தாளில் உடைத்து எழுதினார்.

"ஃபெர்மென்ட் ஒரு சொல்லு, ஏஷன் அதோட வாலு. சேர்த்தா ஃபெர், மென், டே, ஷன். நாலு தட்டு. மூணாவதுல ஓங்கித் தட்டுங்க. புதன்கிழமை கேக்குறேன்."

எங்கள் லயத்தில் ஐந்து வீடு. என்னுடையது கடைசி. மற்ற நாலும் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் ஈப்போ, ஜொகூர் என்று போய்விட்டார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது முதல் கதவிலிருந்து ஆரம்பித்தேன். கதவுக்கு ஒரு தட்டு. ஃபெர். மென். மூன்றாவதில் ஓங்கி, டே. பிறகு ஷன். யார் வந்து சண்டை போடப் போகிறார்கள்?

மூன்றாவது வீடு என் சிநேகிதியுடையது. இருபது வருஷம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது அந்தக் கதவைத் தட்டியிருக்கிறேன். "வரேன்டி, கதவ ஒடச்சிராத" என்று உள்ளேயிருந்து கத்துவாள். இப்போதும் தட்டியதும் என்னையறியாமல் கொஞ்சம் நின்றேன். ஷன் தாமதமாகத்தான் வந்தது. அவள் ஜொகூருக்குப் போய் ஒரு வருஷமாகிறது, அன்றைக்குத்தான் அழுதேன்.

புதன்கிழமை துரை முன்னால் சொன்னேன்.

"நல்லா வந்துருச்சும்மா. டேக்கு அப்புறம் மட்டும் ஏன் நிக்கிறீங்க?"

சிரித்து மழுப்பினேன். வேலை கிடைத்தது, வீடும் தப்பியது.

உடனே ஜொகூரில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் போட்டேன். "பேரப்புள்ள அழுவுதுலா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். லயத்துக்கு வந்து சேரும்வரை பார்த்தேன், அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

மூன்றாவது கதவின் முன்னால் நின்று, மெதுவாகத் தட்டினேன்.

"வேல கெடச்சிருச்சுடி," என்றேன். "நான் இங்கயேதான் இருக்கப் போறேன்."