குருமூர்த்தி வண்டியை நிறுத்திய பூ

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிற குருமூர்த்தி எதற்கும் வண்டியை நிறுத்தாத மனுசர். தக்காளி மண்டி நெரிசலுக்குள்ளிருந்து யாராவது கையாட்டிக்கொண்டு ஓடி வந்தாலும் சரி, ஸ்டாப் தாண்டினால் தாண்டியதுதான். "உன் ஒருத்தனுக்காக மத்தவங்கல்லாம் கம்பெனில பஞ்ச் அடிக்க லேட்டாவணுமா?" என்பார். அப்பேர்ப்பட்டவர் தை மாதக் காலையொன்றில், உத்தனப்பள்ளி தாண்டி, மூடிக்கிடந்த கிரானைட் பட்டறை முன்னால் சடக்கென்று பிரேக் போட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முன்சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டார்கள்.

"என்னாச்சுண்ணா, பஞ்சரா?" என்றாள் சுவேதா. கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிற பெண்.

"அங்க பாரு பாப்பா. அது என்ன பூவு?"

உடைந்த கற்பலகைகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி போட்ட தடித்த இலைகளோடு ஒரு புதர். அதிலிருந்து இடுப்புயரத்துக்குத் தண்டு எழும்பி, கிளை பிரிந்து, கிளைக்கொரு ஆரஞ்சுக் கொத்து குடை பிடித்திருந்தது. கற்றாழை என்று நினைத்துத்தான் அவர் இத்தனை நாளும் அதைத் தாண்டிப் போயிருந்தார். ஆனால் அவர் வீட்டு மாடிக் கற்றாழை மஞ்சளாக, கதிர் மாதிரி நீட்டமாகவல்லவா பூக்கும்!

"கலபந்தப்பா இது, நம்ம கத்தாழைதான். எங்க வூட்ல இருக்குது" என்றார் கேன்டீனில் வேலை செய்யும் மங்கம்மா.

"அதுல இந்த மாதிரி புள்ளி இருக்குதாக்கா?" என்றாள் சுவேதா.

"குட்டியா இருக்கறப்ப இருக்கும்."

"இது குட்டியா? என் இடுப்பு ஒசரம் இருக்குது!"

பின்சீட்டிலிருந்து யாரோ கற்றாழையின் கன்னடப் பெயரைச் சொல்லி 'லோளெசர' என்று கத்த, கற்றாழைதான், இல்லை என்று பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. சுவேதா இறங்கி ஓடிப்போய்ப் படம் எடுத்தாள். போனிலிருந்த செயலி மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொன்னது. கடுப்பாகி, பெங்களூர்க்காரர்கள் நடத்தும் மாடித்தோட்டக் குழுவில் படங்களைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது, ஏறுகிற ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பதில் வந்துச்சா?"

வந்திருந்தது. தாவரவியல் பாடம் நடத்தும் ஒரு அம்மா எழுதியிருந்தார். கொத்து மேலே தட்டையாக இருக்கிறதா? ஒவ்வொரு பூவும் அடியில் உருண்டிருக்கிறதா? ஆமாம் என்றால், ஓர் இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, நுரை வருகிறதா பாருங்கள்.

இந்த முறை குருமூர்த்தி ஓரங்கட்டி, இன்ஜினையும் அணைத்துவிட்டே இறங்கினார். பட்டறைக் காவல்காரர் இத்தனை பேர் இறங்கி வருவதைப் பார்த்துப் பயந்துபோனார். விஷயத்தைக் கேட்டதும், "யாரோ அழகுக்கு வச்சதுங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க" என்றார்.

பூவைத் தொட்டுப் பார்த்தார்கள். மேலே தட்டை. அடியில், பானை போல ஓர் உருண்டை. குருமூர்த்தி ஓர் இலையை நறுக்கி, கல்லில் நசுக்கி, மங்கம்மாவின் தண்ணீர் பாட்டிலில் திணித்து, மூடியை இறுக்கிக் குலுக்கினார். ஒன்றும் காணோம். இன்னும் வேகமாகக் குலுக்கினார்.

"நுரைண்ணா! நுரை வருது!"

வெள்ளையாக, பொசுபொசுவென்று கழுத்துவரை ஏறியது. பஸ்ஸே விசிலடித்தது. மங்கம்மா பாட்டிலைப் பிடுங்கித் தன் கையால் ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். நுரையைப் படமெடுத்து அனுப்பிய ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. சுவேதா சீட்டின்மேல் ஏறி நின்று வாசித்தாள்: "அலோ மாகுலாட்டா. சோப்புக் கற்றாழை. சொந்த ஊரு தென்னாப்பிரிக்கா!"

"ஆப்பிரிக்காவா! உத்தனப்பள்ளிக்கு எந்த பஸ் புடிச்சு வந்துச்சோ!" என்று மங்கம்மா சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆளுக்கொரு பக்கக்கன்று பிடுங்கிக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் செம்மண் கொட்டியது. குருமூர்த்தி தன் கன்றைச் சீட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி ரேவதியைக் கூப்பிட்டார்.

"இது பேரு என்ன தெரியுமா? அலோ... மாகு..."

மறந்து போயிற்று. உடனே சுவேதாவுக்குப் போன் போட்டார்.