தங்கச்சி என்று சொல்லிக் கிடைத்த மாடி வீடு

நமக்கு நல்லது செய்த ஒருவரிடம் எப்படிக் கோபப்படுவது? இரண்டு வருடங்களாக இந்தக் கேள்வியை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அது மாசி மாதக் கடைசி. நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் என்னோடு ஒன்றாகப் படித்த தோழி ஒருத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு வத்திராயிருப்பு பக்கம் ஒரு கிராமம். விடிந்தும் விடியாமல் லேபைத் திறக்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. கணவர் திருப்பூரில் இருக்கிறார். கைக்குழந்தையாக ஒரு மகன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வீடு பார்த்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவையும் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அந்த மாதத்துக்குள் வீடு அமையாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலை.

வீடுகள் காலியாகத்தான் இருந்தன. போய்க் கேட்டால், "சொந்த ஊரு எது?" என்பார்கள். சொல்வாள். "ஊர்ல எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். அவள் தெருவைச் சொன்னதும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு நேற்றே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது என்பார்கள்.

ஜாதி, மதம் பார்த்து வீடு மறுக்கப்படுகிறவர்களுக்காக ஒரு சின்ன அமைப்பு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இயங்கி வந்தது. தோழி அங்கே போனாள். அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. ஒருவருக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டால், ஓரிரு நாளில் அதே மாதிரிக் குடும்பம் உள்ள வேறு ஜாதிக்காரர் ஒருவரை அதே வீட்டுக்கு அனுப்புவார்கள். அவருக்கு வீடு உண்டு என்றால் விஷயம் வெளிச்சமாகிவிடும். பிறகு சண்டை போடாமல் வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசுவார்கள். தனக்கு மறுத்த ஒரு வீட்டுக்கு அந்த இரண்டாவது ஆளாக என்னைப் போகச் சொன்னாள் தோழி.

எனக்குச் சின்ன விஷயத்துக்கே படபடப்பு வரும். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் கேட்டு எப்படி மறுப்பது?

அமைப்பை நடத்திய அக்கா, "நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம். வீடு பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. ஜாதி கேட்டா, அது எதுக்கும்மான்னு கேளுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பினார். வீடு பார்க்க வந்தேன் என்பதே பொய்தானே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கீழே தனியாக இருந்தார். மாடி காலி. கூடத்தில் முறத்தை வைத்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர், பிள்ளையோடு என்னைப் பார்த்ததும், "உள்ள வா தாயி, வெயில்ல ஏன் நிக்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜாதியே கேட்கவில்லை. "இப்பத்தான சிவராத்திரி முடிஞ்சுது, குலசாமி கும்பிட எங்க போனீக?" என்றார். நானும் வாய் தவறி, எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்த பிறகுதான், குலசாமியைச் சொன்னது ஜாதியைச் சொன்னதுதான் என்று உறைத்தது.

எழுந்து மாடிச் சாவியை எடுக்கப் போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மகள் முறத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அழவில்லை. சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அவளை வாரித் தூக்கினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன், அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா சாவியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை என் கையிலிருந்து பிடுங்கினார். முழங்கை மேல் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். கொட்டை தெறித்து விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவரே அவளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, தன் முந்தானையாலேயே துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இங்கனயே வந்துரு தாயி. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். முந்தாநாளு ஒருத்தி வந்தா. அவளும் கைப்பிள்ளைக்காரிதான், பாவம். தெருவைக் கேட்டேன். பொறவு ஆள் வந்திருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். உன்னை மாதிரி ஆளுகதான் நமக்கு ஒத்துவரும்."

என் மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

அங்கிருந்து நேராக அமைப்பின் மாடி அறைக்குப் போனேன். தோழி காத்திருந்தாள். இப்போது இதைச் சொன்னால் பிள்ளை உயிரைக் காப்பாற்றியவரைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். சொல்லாவிட்டால் இவளுக்கு என்ன பதில்? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தோழி என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? நல்ல மனுசிதான் அவிய. என் மகன் தொண்டையில அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் தட்டியிருப்பாவ. வீடுதான் தந்திருக்க மாட்டாவ."

மறுநாள் அமைப்பின் அக்காவும் தோழியும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். நான் இல்லாமல் போனால், ஆள் வந்துவிட்டது என்றே அந்த அம்மா மறுபடியும் சொல்வார் என்றார் அக்கா. என்னைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மா சிரித்தார். பக்கத்தில் தோழியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப நேத்து நீ வீடு பாக்க வரலையா?"

"இல்லம்மா."

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து எம்புட்டு அழகா உக்காந்திருந்த!"

என் பிள்ளைக்கு மூச்சு நின்றபோது நீங்கள் எந்தத் தெரு என்று கேட்கவில்லையே அம்மா என்று சொல்வதாக ராஜபாளையத்திலிருந்தே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை. "இவ என்கூடப் படிச்சவம்மா. இவளுக்கு வேலை போயிரும்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கார அம்மா தெருப் பக்கம் பார்த்தார். "எனக்கென்ன இருக்கு? நாளைக்கு இந்தத் தெருவுலதான நான் குழாயில தண்ணி புடிக்கணும்?"

"யாரும் கேட்டா எங்களைச் சொல்லுங்கம்மா. நாங்க வந்து பேசுதோம்" என்றார் அக்கா.

"நீங்க பேசிட்டுப் போயிருவீக. நான்ல இருக்கணும்."

திரும்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கார அம்மாவிடமிருந்து எனக்கு போன் வந்தது. ராத்திரி தூக்கமில்லை என்றார். தோழி வரட்டும் என்றார். "ஆனா தெருவுல உன் தங்கச்சின்னு சொல்லிருதேன். நீயும் அதையே சொல்லணும்."

அக்காவிடம் கேட்டோம். "எங்களுக்கு இதுல இஷ்டமில்லை. ஆனா குடியிருக்கப்போறது நாங்க இல்லையே. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். தோழி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"தங்கச்சின்னா பொங்கலுக்குச் சீர் செய்யணும், தெரியும்ல? வசதி இருக்கா உனக்கு?"

அவள் அந்த மாதமே குடிவந்தாள். வேலை தப்பித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் லேபுக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டுக்கார அம்மாதான். சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தன் வீட்டுப் பிள்ளையாகவே வைத்திருக்கிறார். தெருவில் எல்லோரும் அவனைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். நான் போகும்போதெல்லாம், "அக்காவும் தங்கச்சியும் ஒரே சாடை" என்று யாராவது சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். வீடு திரும்பும் வழியெல்லாம், தலையாட்டியது சரியா என்று யோசிக்கிறேன். நான் வாயைத் திறந்தால் அவள் வீடு போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

இதில் ஒருவர் மட்டும் விட்டுப்போய்விட்டார், தோழியின் அம்மா. கூட வந்து இருப்பதாகச் சொன்னவர், கடைசியில் வரவே இல்லை. வாசலில் நாலு பேரோடு உட்கார்ந்தால் பேச்சுவாக்கில் ஊரும் தெருவும் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். பேரனைப் பார்க்க வேண்டுமென்றால் வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி நிற்பார். தோழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கேயே பெஞ்சில் வைத்து, கொண்டுவந்த மாம்பழத்தை ஊட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அவனுக்கு இப்போது மூன்று வயது. நன்றாகப் பேசுகிறான். போன வாரம் பஸ் கிளம்பியதும், "அம்மாச்சி ஏன் நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறான். தோழி பேச்சை மாற்றிவிட்டாளாம். என்ன சொல்லட்டும் என்று போனில் என்னைக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவன் நாளைக்கே தெருவில் போய்ச் சொல்லிவிடுவான். பொய்யைச் சொன்னால், அம்மாச்சியை மறைக்க வேண்டியவர் என்று அந்த வயதிலேயே பழகிக்கொள்வான். எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை வளர்த்தவர்கள், இந்த மாதிரி ஒரு வீட்டில் வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவன் மறுபடி கேட்பதற்குள் எங்களுக்கு எழுதுங்கள்.