நெஞ்சுப் படத்தில் நான் பிடித்த தப்பு

என் தங்கையின் நெஞ்சில் ஓட்டை இருக்கிறது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னபோது எனக்குப் பத்து வயது, அவளுக்கு நான்கு. அரை மணி நேரம் அவர் பேசினார். அப்பாவும் அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். இவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஒரு தாளைக் கிழித்து நாலு அறை வரைந்தார், மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் சுவர். கீழ்ச்சுவரில் கொஞ்சம் இடம் விட்டார். பிறகு சிவப்புப் பேனாவில் ஓர் அம்பு. நல்ல ரத்தம் இந்தச் சந்து வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது, அதனால்தான் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, திங்கட்கிழமை வாருங்கள், ஆபரேஷன் செய்து அடைத்துவிடலாம் என்றார். அப்பா அப்போதுதான் முதல் கேள்வி கேட்டார். எதை வைத்து அடைப்பீர்கள் என்று.

அந்தத் தாள் எங்களோடு விருத்தாசலத்துக்கு வந்தது. அதன் பிறகு வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா செராமிக் பட்டறையில் பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். பொம்மை, விளக்கு, உண்டியல் எல்லாம் அவர் செய்த அச்சில் ஊற்றி எடுப்பவைதான். காலையில் பட்டறைக்குப் போவார், ஒரு மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், படத்தை எடுத்துப் பார்ப்பார், மறுபடி போவார். அம்மாவோ விசாரிக்க வருகிற எல்லோருக்கும் அந்தத் தாளை விரித்து, அம்பின் மேலேயே விரலை ஓட்டிக் காட்டுவாள். மூன்றாம் நாள் டாக்டரைவிட நன்றாகச் சொன்னாள். கம்மாபுரத்து அத்தை அந்தச் சந்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனூண்டுக்கா இவ்வளவு பாடு என்று மூக்கைச் சிந்தினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. சனிக்கிழமை அந்தத் தாளை நானே எடுத்துத் துருவினேன். கிடைத்தது. இடப்பக்க அறைகளில் ஆர் என்று எழுதியிருந்தார், வலப்பக்க அறைகளில் எல். ஆர் என்றால் ரைட், எல் என்றால் லெஃப்ட். இது தெரியாதவனுக்கு எங்கள் வகுப்பில் தலையில் குட்டு விழும்.

"அப்பா, டாக்டருக்கு சோத்தாங்கை பீச்சாங்கை தெரியல" என்று தாளை நீட்டி, இரண்டு எழுத்தையும் தொட்டுப் படித்துக் காட்டினேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எது எந்தப் பக்கம்னு தெரியாதவரு நம்ம புள்ள நெஞ்சத் தொறக்கப் போறாரா? வாணாம். போவ வாணாம்."

அம்மா என்னைத்தான் திட்டினாள். எல்லாம் தெரிந்த மாதிரி நடுவில் பேசாதே என்றாள். புள்ள படித்துத்தானே சொல்லுது என்று அப்பா எனக்குப் பரிந்துகொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை போயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அப்பா அதை அடிக்க விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். தங்கைக்குச் சோறு உண்ணும்போதே வியர்த்துக் கொட்டும், இரண்டு வாய் உண்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். அம்மா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தும் பார்த்தாள். அப்பா அசையவில்லை. அசையவில்லை என்றா சொன்னேன்? நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார், பதில்தான் மாறவில்லை.

வியாழக்கிழமை காலை அம்மா தங்கையை எதிரே நிறுத்திக் கவுனுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. எழுந்து போய் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வந்து, தங்கையின் நெஞ்சில் வைத்துப் பிடித்து, அவளை அப்பாவுக்கு நேராகத் திருப்பினாள்.

"இப்ப பாருங்க. ஆருன்னு எழுதியிருக்குறது இவளுக்கு எந்தக் கைப் பக்கம் இருக்குது?"

தங்கை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சோத்தாங்கையைத் தூக்கினாள். எழுத்து அந்தப் பக்கம்தான் இருந்தது. டாக்டர் எதிரில் இருக்கிற குழந்தையைப் பார்த்தபடியே வரைந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா அந்தப் பத்து நாளில் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, பாண்டிச்சேரி பஸ்ஸு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கை இப்போது கல்லூரிக்குப் போகிறாள், ஸ்கூட்டியை என்னிடம் தரமாட்டேன் என்று சண்டை போடுகிறாள். என் அரைகுறைப் படிப்பால் அவளைக் கொன்றிருப்பேனே என்று நான்தான் பல வருடம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு வேலையாகப் பட்டறைக்குப் போனேன். ஒரு கடைக்காரர் தன் கடைப் பெயரோடு விளக்குக் கேட்டிருந்தார். அப்பா அந்தப் பெயரை அச்சில் செதுக்கிக்கொண்டிருந்தார், வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டு, என்னோடு பேசிக்கொண்டே. அச்சில் இடம் என்றால் பொருளில் வலம். முப்பது வருடமாக அவர் கை செய்கிற வேலையே அதுதான். எதிரில் இருப்பவனுக்குப் பக்கம் மாறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்பா, அன்னிக்கே உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றேன்.

அவர் உளியை நிறுத்தவில்லை.

"பாத்ததுமே தெரிஞ்சிச்சும்மா. பயமா இருந்துச்சு. போவ வாணாம்னு சொல்ல ஒரு சாக்கு வேணும்னு தவிச்சிட்டு இருந்தேன். நீ கொண்டாந்து குடுத்த."

அப்பா என் இங்கிலீஷை நம்பிவிட்டார் என்ற பெருமையில் அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.