நங்கூரம் செதுக்கிய கல்

பஸ் டிரைவருக்குக் 'கேப்டன்' என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. பதினெட்டு வருஷம் வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லி அவரே சம்பாதித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கல்லில் ஒரு நங்கூரம் செதுக்கியிருந்தது. அது போதாதா? கப்பல்காரர் வம்சம் ஆகிவிட்டார். அவர் சொல்லும் கதையில் கொள்ளுத்தாத்தா புயலை முறைத்தே திருப்பி அனுப்புவார். வழிவிடாத திமிங்கிலத்தின் காதைத் திருகுவார். திமிங்கிலத்துக்குக் காது ஏது என்று கேட்டால், "திருகினதுல உள்ள போயிடுச்சு" என்பார்.

வீட்டுக்குப் புது இரும்புக் கேட் போடும்போது நடுவில் நங்கூரம் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வெல்டிங் பட்டறை வைத்திருந்த மச்சினன், கல்லைப் பார்த்து அளவெடுக்க டேப்போடு அவர்கூடக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். அக்காவைக் கொடுத்த நாளிலிருந்து மாமாவின் கப்பல் எப்போது கவிழும் என்று காத்திருப்பவன் அவன்.

கல்லில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆளின் தொழில் என்பது கேப்டனின் தீர்மானம்.

"பாரு மாப்ளே, ஆட்டுக்குட்டி. கறிக்கடைக்காரர். இந்த ஒடிஞ்ச தூண் இருக்கே, பில்டிங் கான்ட்ராக்டர். கட்டினது நிக்கல போல, பாவம்."

"இது என்ன மாமா, ரெண்டு கை குலுக்குது?"

"வீட்டு புரோக்கர். பேரம் முடிஞ்சிருச்சு."

பக்கத்தில் வாளியும் பிரஷ்ஷுமாகக் கல் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தளும்பியது.

"அண்ணே, ஆட்டுக்குட்டின்னா சின்னக் குழந்தை. ஒடிஞ்ச தூண், பாதி வயசுல போனவங்க. அந்தக் கை ரெண்டும் புருஷன் பொண்டாட்டி. மறுபடி பார்ப்போம்னு சொல்லிக்கிறாங்க."

கேப்டன் ஆட்டுக்குட்டிக் கல்லின் பக்கம் குனிந்து, "மன்னிச்சுக்க கண்ணு" என்றார். மச்சினனுக்கோ கண் மின்னியது.

"அப்ப நங்கூரம்?"

"நம்பிக்கைண்ணே. என்ன புயல் அடிச்சாலும் அசையாத நம்பிக்கை. கப்பல்காரங்களுக்கும் போடுவாங்கதான். இருங்க, கீழ ஏதோ எழுத்து இருக்கு."

பிரஷ் நாலு தரம் போய்வந்தது. பாசி விலகிய இடத்தில், பெயருக்கு அடியில், தெளிவாக ஒரு சொல்: தையற்காரர்.

மச்சினன் செல்போனில் பளிச்சென்று படம் எடுத்துக்கொண்டான்.

"வா மாமா, உன் ரெண்டு மணி பஸ்ஸுலயே வீட்டுக்கு வர்றேன். தெருவே அதுலதான் வரும்."

கேப்டன் என்ற பெயருக்கு இன்னும் அரை மணி நேரம்தான் ஆயுள். இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பஸ் நிறைந்ததும் மச்சினன் தொண்டையைக் கனைத்தான். அதற்குள் கேப்டன் சீட்டிலிருந்து எழுந்து திரும்பி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஓட்டல. தையல் மெஷின்தான் ஓட்டினாரு."

யாருக்கும் அதிர்ச்சி இல்லை. முன்சீட்டு நர்சம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கப்பல்னு நாங்க எப்ப நம்பினோம்?"

"பின்ன எதுக்கு கேப்டன்னு கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டா முகம் அப்படிப் பூரிக்குதே! காசா பணமா? வண்டிய எடுங்க கேப்டன், ஷிப்டுக்கு நேரமாச்சு."

மச்சினன் செல்போனைப் பைக்குள் திணித்துக்கொண்டான். வண்டி கிளம்பியது. மூன்றாவது நிறுத்தத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமா, உங்க கொள்ளுத்தாத்தா என்னதான் தைச்சாரு?"

கேப்டன் கியரை மாற்றினார்.

"கப்பலுக்குப் பாய்தான்! ஊசியே விளக்குக் கம்பம் உயரம் இருக்கும், தெரியுமா..."