குசினியில் நின்று குடிக்கும் தேத்தண்ணி

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலை இழுத்து நடந்தால் அதற்கு ஓர் ஊரும் ஒரு திகதியும் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழும்பி இடம் தருவார்கள். இருந்த கையோடு கேள்வி வரும்: "எங்க வைச்சு அக்கா பட்டது?" யுத்தத்தின் கடைசிச் சண்டைக்குள்ளால் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவள் நான். அதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இது நரம்பு வருத்தம், மூளையிலும் முள்ளந்தண்டிலும் ஓடுகிற நரம்புகளின் உறையை என் உடம்பே அரிக்கிறது என்று விளங்கப்படுத்தினால், கேட்டவர் "ஓ" என்றுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார். காயம்பட்ட இரண்டு பேர் சந்தித்தால் பொழுதுபடும்வரை கதைக்க விஷயம் இருக்கிறது. என் வருத்தத்தைப் பற்றிக் கதைக்க ஒட்டுசுட்டானில் எனக்கு ஓர் ஆளில்லை. பொறாமைப்படக் கூடாத இடத்தில் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற பெயரை யாழ்ப்பாணத்தில் ஸ்கான் பார்த்த டொக்டர்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கேட்க அம்மா இல்லை, அவா செத்துப்போய்விட்டா. தம்பி கனடாவில். சங்கக்கடை வேலையை விட்ட பிறகு நானும் கிணறும் குசினியும்தான். தம்பி போன் எடுத்தால் ஒரே பாட்டு: "வீட்டைப் பூட்டிப்போட்டு வவுனியாவில பெரியம்மாவின்ர மகளோட போய் இருங்கோ அக்கா." இன்னொருவர் வீட்டு மூலையில் ஒரு கட்டிலில் கிடக்க எனக்கு விருப்பமில்லை. சண்டை பிடித்துக் களைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிற பிள்ளை என் நடமாட்டத்தைப் பார்த்து என்ன சொல்லுகிறாவோ, அதன்படி நான் இருப்பேன் அல்லது போவேன்.

அந்தப் பிள்ளையும் முதல் நாள் என் முழங்காலைத் தடவி, "உள்ளுக்குச் ஷெல் பீஸ் ஏதும் கிடக்கோ அக்கா?" என்றுதான் கேட்டா. பிறகு ஃபைலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டா. கதிரையிலிருந்து எழும்பி, நிலத்தில் ஒட்டியிருந்த கோடுவரை போய், திரும்பி, வந்து இருக்கச் சொன்னா. காலை நேரம், தலைக்கு மேலே ஃபான், காலுக்குக் கீழே சமமான சீமெந்து. விளையாட்டுப் போட்டிக்கு நிற்கிற பள்ளிப்பிள்ளைபோல நடந்து காட்டினேன். அவவுக்கு அது போதவில்லை.

"இஞ்ச வடிவா நடக்கிறீங்கள். மத்தியான வெயிலுக்க வீட்டில எப்பிடி எண்டு நான் வந்து பார்க்கவேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெக்கை ஏறினால் என் கால்கள் என் சொல்லுக் கேட்பதில்லை என்பது இவவுக்கு எப்படித் தெரியும்? இந்த வருத்தக்காரர் எல்லோருக்கும் அப்படித்தானாம். எல்லோரும் என்று அவ சொன்ன அந்த ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சொன்னபடியே ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினா. நான் ஆயத்தமாக இருந்தேன். கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் படலைக்கும் நான் இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளைப் பிடித்து நடந்து காட்டினேன். அரை வாளி மட்டும் அள்ளிக் குளிப்பதைச் சொன்னேன். குசினியில் இருந்தபடி சமைக்க உயரமான ஸ்டூல் வைத்திருப்பதைக் காட்டினேன். கட்டிலிலிருந்து எழும்பவும், விழுந்தால் எதைப் பிடித்து எழும்புவேன் என்று காட்டவும் சொன்னா. செய்தேன். வேர்த்து ஊத்தியது, ஆனாலும் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வந்த ஆளை வெறும் வாயோடு அனுப்பலாமா? "விறாந்தையில இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனேன். ஊத்தினேன். சீனி போட்டுக் கலக்கினேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினபோதுதான் தெரிந்தது. ஒரு கை நான் ஊன்றி நடக்கிற பொல்லுக்கு, மற்றக் கை சுவருக்கு. கோப்பைக்குக் கை இல்லை. சுவரை விட்டுப் பார்த்தேன். கால் உதறி, தேத்தண்ணி என் மணிக்கட்டில் கொட்டியது.

அவ ஓடிவந்து கோப்பையை வாங்கினா. கையைத் தண்ணீரில் பிடிக்கவைத்தா. பிறகு அலுமாரியில் சாய்ந்தபடி, மிஞ்சியதை அங்கேயே நின்று குடித்தா.

"எவ்வளவு காலமா அக்கா கோப்பை கொண்டுவர ஏலாமல் கிடக்கு?"

கண் மங்கியது எப்போது, பாதம் விறைத்தது எப்போது, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. என் தேத்தண்ணியை நான் அடுப்படியிலேயே நின்று குடிப்பேன். அதை விறாந்தைக்குக் கொண்டுபோக எப்போது தேவை வந்தது?

"தெரியாது பிள்ளை. கொண்டுபோய்க் குடுக்க ஒருத்தரும் வரேல்லை."

அவ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா. பிறகு தன் வேலைக் குரலுக்குத் திரும்பினா. "மூடியுள்ள போத்தலில ஊத்தித் தோளில கொழுவிக்கொண்டு வந்தாச் சரி. மற்றதெல்லாம் நல்லாச் செய்யிறீங்கள். நீங்கள் தனிய இருக்கலாம் அக்கா. தம்பிக்கு நானே சொல்லுறன்."

நான் கேட்டு வாங்க நினைத்த சொல் அதுதான். "பெரிய உதவி பிள்ளை" என்று சொல்லி, கயிற்றைப் பிடித்துப் படலைவரை போய் வழியனுப்பினேன். ஸ்கூட்டர் றோட்டில் ஏறி மறைந்தது. உங்களால் தனிய இருக்க ஏலாது என்று அவ சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து, அந்த வெயிலுக்குள் நின்று அழுதேன்.