மே மாதத்துக் கோர்ட்

பழனிக்குமாரின் வீட்டில் அதுவரை யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. வழக்காடவும் இல்லை, வழக்கில் மாட்டவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிஃப்ட் பார்த்தார்கள். அவன் மதுரையில் சட்டம் நாலாம் வருஷம். வீட்டில் வக்கீல் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோர்ட் பயிற்சி என்று சென்னையில் ஒரு அமைப்பு ஆரம்பித்தபோது, வகுப்பில் முதலில் கை தூக்கியவன் அவன்தான். கல்லூரி விடுமுறை பார்த்து மே மாதத்தை ஒதுக்கினார்கள். பயிற்சி கொடுக்க அவனுக்குத் திண்டுக்கல்லில் ஒரு சிவில் வக்கீல் பெயரும் வந்தது. ஒரு சாட்சி விசாரணையையாவது முழுசாகப் பார்த்து, கல்லூரி ரெக்கார்டு நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் கடைசி வருஷம் தேற முடியாது.

தேய்த்த வெள்ளைச் சட்டையோடு போய் நின்றான். வக்கீல் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் குமாஸ்தா சூசை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா கொடைக்கானல் போயிட்டாகப்பா. ஜூன்லதான் வருவாக."

"கோர்ட்டுக்கு யாருய்யா போவா?"

சூசை பேப்பரை மடித்தார். "சிவில் கோர்ட்டுக்கு மே மாசம் பூரா லீவு. சட்டம் படிக்கிறேங்கிற, இது தெரியாதா?"

"புஸ்தகத்துல அது இல்லைங்கய்யா."

"வக்கீல் வீட்டுல பொறந்த புள்ளைக்கு இதெல்லாம் பால் குடிக்கும்போதே தெரியும்லே." கேலியாகச் சொல்ல வந்தவர், பையன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "கிரிமினல் கோர்ட் நடக்குது. போய் உக்காரு."

அங்கே வாசலில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். "அக்யூஸ்டா, சாட்சியா?"

"லா காலேஜ் ஸ்டூடண்ட் சார்."

"வெள்ளைச் சட்டையப் பாத்து நம்பணுமாக்கும். அக்யூஸ்டும் அதத்தான் போட்டுக்கிட்டு வாரான்."

கோர்ட்டில் யாரும் வந்து உட்காரலாம் என்று சட்டம் சொல்வதை அவன் சொன்ன பிறகு, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். கடைசி பெஞ்சில் அந்த மாதம் முழுக்க உட்கார்ந்தான். ரிமாண்டு நீட்டிப்பு, ஜாமீன், மறுபடி ரிமாண்டு. விசாரணை என்று ஒன்று வந்தால், சாட்சி சொல்ல வேண்டிய ஏட்டு திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தது. வகுப்புத் தோழன் ஸ்டீபன்ராஜின் ரெக்கார்டு நோட்டு நிரம்பி, பெரியப்பா வக்கீலின் கையெழுத்தோடு பளபளத்தது. அவன் மே மாதம் பூரா கிரிக்கெட் ஆடியதைத் திண்டுக்கல்லே பார்த்தது.

"நீயும் எழுதிக் குடுடா. பெரியப்பாகிட்ட சொல்லி வாங்கித் தாரேன். இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"நான் விசாரணைய நேர்ல பாக்கணும்டா."

"பாத்து? நானும்தான் பாக்கல."

"நாளைக்குக் கூண்டுக்கு முன்னால நாக்கு ஒட்டிக்கிட்டா, பின்னாலருந்து எடுத்துக்குடுக்க உனக்குப் பெரியப்பா இருக்காரு. எனக்கு யாருடா இருக்கா?"

ஸ்டீபன்ராஜ் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான்.

பழனிக்குமார் கல்லூரி ஆபீஸுக்குப் போய் லீவு கேட்டான். "கோர்ட் டிரெய்னிங்குக்கு எல்லாம் காலேஜ் நாள்ல லீவு கிடையாதுப்பா," என்றார் அங்கிருந்தவர். "அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது. லீவுல போக வேண்டியதுதானே."

"லீவுல கோர்ட்டே இல்ல சார்."

"அத என்கிட்ட சொல்லி?"

திங்கட்கிழமை மதுரையில் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் அவன் திண்டுக்கல்லில், சூசைக்குப் பக்கத்தில், சிவில் கோர்ட்டுக்குள் நின்றிருந்தான். வரப்புத் தகராறு ஒன்றைக் கூப்பிட்டார்கள். கன்னிவாடியிலிருந்து வந்திருந்த சாட்சி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். பழனிக்குமார் பேனா மூடியைக் கழற்றினான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தன் சீனியர் வேறு கோர்ட்டில் இருப்பதாகச் சொல்லி வாய்தா கேட்டார். நீதிபதி தலையசைத்தார். சாட்சி இறங்கிவிட்டார்.

"இப்படித்தான்," என்றார் சூசை. "என்னைக்கு நடக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது. நீ காலேஜுக்குப் போ தம்பி. வருசத்தக் கெடுத்துக்காத."

"நாளைக்கும் வாரேன்யா," என்றான் பழனிக்குமார்.