வெள்ளைச் செண்டுடுக்

செண்டுடுக் செடியை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். காட்டோரத்தில் இடுப்பளவு வளரும். இலையைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், நரம்புகள் நீளவாக்கில் ஓடும். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். பூ ஊதா, காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் உதிர்ந்துபோகும். வயிற்றுப்போக்குக்குத் தளிரை மெல்லுவார்கள். வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கிக் கட்டுவார்கள். வெள்ளையாய்ப் பூக்கிற வகையும் உண்டு, அபூர்வம். பிள்ளை பெற்றவளுக்கு அதன் வேர்தான் மருந்து என்பார்கள். இவ்வளவும் தெரிந்த கழுதை நான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. காஜா பேராங்கில் அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கு இருபது வயது, வாய் மட்டும் நாற்பது வயதுக்கு. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு சிரம்பான் பக்கம் போயிருந்தார். அண்ணிக்குப் பெண் பிறந்து மூன்றாம் நாள், உதிரம் நிற்கவில்லை. பிரசவம் பார்த்தவர் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள். தலைமுறைகளாய் இங்கேயே இருந்து தமிழ் மறந்த வம்சம்; நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். காலையில் துணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

செண்டுடுக் வேர் கொண்டுவரச் சொன்னார். "யாங் பூத்தே! பூத்தே!" வெள்ளைதான், ஊதா கூடாது என்று விரலை ஆட்டினார். மத்தியானத்துக்குள் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டு நிற்காதே, ஓடி வந்து சொல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவிடலாம் என்றார்.

பாயில் கிடந்தபடியே அண்ணி சீண்டினாள். "நீயா போற? உப்பு வாங்கப் போனா சீனியோட வர்றவளாச்சே!" சிரிக்கக்கூடச் செய்தாள். உதடு வெளுத்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

புக்கிட் பாரு காட்டோரம் முழுக்க அலைந்தேன். எங்கே திரும்பினாலும் ஊதா. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெறுங்கையோடு போனால் அண்ணியின் அந்த வாய் என்னவெல்லாம் சொல்லும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பூவையும் மொட்டையும் ஒன்றுவிடாமல் கிள்ளி எறிந்தேன். வேர் வேர்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பீபி செடியைப் புரட்டிப் பார்த்து, பூ எங்கே என்று கேட்டார். வரும் வழியில் உதிர்ந்துவிட்டது என்றேன். நம்பினார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேரைக் கழுவிக் காய்ச்சினார். வெள்ளை வேர் கேட்கும், சாயங்காலம் வரை பார்ப்போம் என்று நிம்மதியாக உட்கார்ந்தார்.

அண்ணி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "பரவால்லடி. உருப்படியா ஒரு காரியம் பண்ணிட்ட."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே அவள் கை சில்லிட்டது. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டு ஏற்றினோம். பாவம், அவன் உயிரைக் கொடுத்து மிதித்தான். பாதி வழியில் என் மடியிலேயே அவள் தலை சாய்ந்தது.

ஊதா வேர் கேட்குமா கேட்காதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "கிடைக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மத்தியானமே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். படுபாவி, அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன். மறுநாள் வந்த அண்ணன், "நீ ஓடி ஓடிப் பண்ணின, அவளுக்குத்தான் கொடுத்து வைக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குழந்தையை நான்தான் வளர்த்தேன். ஊரே என்னைத் தெய்வம் என்றது. அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது, அண்ணியின் திதியன்று, பாவாடை நிறைய ஊதாப் பூவோடு ஓடி வந்தாள். நாக்கு கறுத்திருந்தது.

"அத்தை, இது என்ன பூ? அம்மா படத்துக்கு வைக்கட்டா?"

"என்ன பூவோ, தெரியலம்மா" என்றேன். "வை."

படம் அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை நான்தான் இழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.